மிதவைக்கு இந்தப் பக்கம்

மஞ்சள் தண்ணீரில் சுறா வேகிற வாசம் அடுப்படியிலிருந்து கிளம்பி நடுவீட்டுக்கு வந்தபோது, பாயில் சுவரோடு சாய்ந்திருந்த டெல்பினாவின் மடியில் பிள்ளை மறுபடியும் மார்பை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. பசித்துக் கத்துவது ஒரு கத்தல், ஏமாந்து கத்துவது இன்னொரு கத்தல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு இப்போது தெரிந்துபோயிற்று, தெரியாமலே இருந்திருந்தால் தேவலை. இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம். அந்தப் பக்கமும் இல்லையென்றால் மறுபடி இந்தப் பக்கம். காலையிலிருந்து இதே வேலை. கரண்ட் போய் வெகுநேரமாகிவிட்டது. நின்றுபோன மின்விசிறியின் இறக்கையில், ஓடும்போது தெரியாத அழுக்கு இப்போது வரிவரியாகத் தெரிந்தது. வியர்வையில் பிள்ளையின் கன்னம் வழுக்கியது. முந்தானையால் துடைத்தாள், துடைத்த இடத்திலேயே மறுபடி கசிந்தது. உடம்பில் இத்தனை தண்ணீர் இருக்கிறது, வரவேண்டிய இடத்தில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. விரல் தன்பாட்டுக்குப் பிள்ளையின் உச்சிக்குழிக்குப் போயிற்று. குழி உள்ளே இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். இறங்கியிருக்கிறதா, இல்லை, குழி என்றாலே இப்படித்தான் இருக்குமா? நேற்றும் இப்படித்தான் இருந்ததா? நேற்றைய விரலைக் கொண்டுவந்து இன்றைய விரலோடு வைத்துப் பார்க்க முடியுமா? தோலுக்கு அடியில் டுப் டுப் என்று துடித்தது. துடிக்கிறது, அதுவரைக்கும் சரி. "எடை ஏறலையேம்மா" என்று நர்ஸம்மா சொன்ன தொனி காதிலேயே நின்றது. "ஏறலைன்னாகூடப் பரவாயில்ல, இறங்கியிருக்கு. வர்ற புதன் மறுபடி பாப்போம். அன்னைக்கும் இப்படியே இருந்தா பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருவேன்." கீழத்தெருவில் பெரியாஸ்பத்திரிக்குப் போன பிள்ளை எப்படித் திரும்பி வந்தது என்று டெல்பினாவுக்குத் தெரியும். அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைக்கிறபோதே அந்த வெள்ளைத் துணி வந்துவிடுகிறது, துணியின் ஓரத்தில் மடிப்பு அவ்வளவு ஒழுங்கு, யாரோ நன்றாகப் பழகிய கையால் மடித்திருக்கிறார்கள். டப்பாப் பாலும் கலந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. அது பேதியாகப் போய்த்தான் ஏறியிருந்த கொஞ்சமும் இறங்கிற்று. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பெயர்கூட இல்லை. பெயரில்லாத ஒன்று இப்படி வீறிட முடிகிறதே. "ஏட்டி, மாத்திப் போடு. அதுக்கு மூக்கு அடைபடுது பாரு" என்று அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது. தொம்மையம்மாளுக்குப் பார்க்கவே வேண்டாம், அழுகிற சத்தத்தை வைத்தே பிள்ளை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். மாற்றிப் போட்டாள். பிள்ளை பிடித்தது. இழுத்தது. உள்ளங்கால் வரை வலித்தது.

அங்கன்வாடியில் பிள்ளைகளின் நீளம் பார்க்க ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு கட்டை, கால்மாட்டில் நகர்த்துகிற ஒரு கட்டை, நடுவில் அளவுக்கோடு. போன வாரம் பிள்ளையை அதில் கிடத்தியபோது டெல்பினாவின் வாய் அவளைக் கேட்காமலே, "வாலை நேராப் பிடிங்க" என்றது. நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். டெல்பினாவும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். அதே மாதிரிப் பலகையைத்தான் கல்யாணமான புதிதிலிருந்து, வயிறு முட்டிக் குனிய முடியாமல் போகும்வரை, கடற்கரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டவுன் கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் தெரியும், ஊருக்கும் மருமகள், வேறென்ன வேண்டும் என்று ஆராய்ச்சி நிலையத்துத் தமயந்தி மேடம் அவளைப் பிடித்துக்கொண்டாள். வள்ளம் கரையேறினால் ஓடிப்போய்ச் சுறாவையும் திருக்கையையும் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து சொல்லவேண்டும். மீன் அளக்கிற பிள்ளை என்று ஊரில் பெயராகிவிட்டது. பெயரில்லாத பிள்ளைக்கு அம்மா, மீன் அளக்கிற பிள்ளை. முதல்நாள் மேடம் ஒரு பெரிய பால்சுறாவின் வயிற்றைக் கீறிக் காட்டியது இப்போதும் கண்ணில் இருக்கிறது. மற்ற மீனைப்போல மணிமணியாகச் சினை இல்லை, குட்டிகள். ஒவ்வொரு குட்டிக்கும் தொப்புளில் கொடி, கொடியின் மறுமுனை தாயின் கருப்பைச் சுவரில். மனுஷப்பிள்ளை மாதிரியே. "ஒரு வருஷம் சுமக்கும், டெல்பினா. நம்மளவிடக் கூட" என்றாள் மேடம். ஒரு வருஷம் சுமந்து நாலைந்து குட்டி, அத்தனையும் ஆழம் குறைந்த கடல்புல் மேட்டில் வந்து போடும், அங்கே பெரிய மீன் வராது என்று. அவள் படித்த கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை டெல்பினா எழுந்து நின்று, "சிஸ்டர், சுறா குட்டி போடுமே, அது இறைச்சியா மீனா?" என்று கேட்டாள். சிஸ்டர் ஆக்னெஸ், "கடல்ல கிடக்கிறதெல்லாம் மீன்தான். உட்காரு" என்றார். உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருக்கிறாள். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. வேகிற வாசம் இப்போது மாறியிருந்தது. தோல் உரிகிற பக்குவம் வந்துவிட்டது, மாமி சட்டியை இறக்கியிருப்பாள்.

வாயை மூடிக்கொண்டு அளந்ததோடு நின்றிருக்கலாம். கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டபோது மேடம் பேசியது யாருக்கும் புரியவில்லை, நீ சொல்லும்மா என்று டெல்பினாவை எழுப்பி விட்டார்கள். குட்டியோடு ஏறுகிற சுறாவை உயிரோடிருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச வருஷத்தில் பால்சுறா என்று படத்தில்தான் காட்டவேண்டியிருக்கும் என்றாள். மிக்கேல் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி தாயி, விட்டுருதோம். பிள்ள பெத்தவளுக்கு என்னத்த அவிச்சுக் குடுக்க, நீ அளக்குதியே அந்தப் பலகையையா?" முற்றமே சிரித்தது. கிறிசாந்துகூட, அவள் புருஷன், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான், தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். தின்றவளுக்குப் பால் ஊறும் என்று, இந்தக் கரையில் பால்சுறா வலையில் ஏறினால் ஏலத்துக்குப் போகாது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வள்ளக்காரன் பேசாமல் போய்விடவேண்டும். விலை பேசினால் பால் வற்றிவிடும் என்பார்கள். அப்படியும் ஊர் ஒத்துக்கொண்டது. மீன் அளக்கிற பிள்ளை நம்ம பிள்ளைதானே, சொல்லிட்டுப் போகுது என்று. அதற்குப் பிறகு கடல்புல் நடவு வந்தது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று புல்லைக் கயிற்றில் கட்டி நட்டார்கள், நட்ட இடத்தைச் சுற்றி ஆரஞ்சு மிதவை போட்டு, மிதவைக்கு அந்தப் பக்கம் யாரும் வலை விடக்கூடாது என்றாயிற்று. காற்றில் இருக்கிற புகையை இந்தப் புல் குடித்துக்கொள்ளும், பூமி சூடாகிறது குறையும் என்று டெல்பினாதான் வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். "எங்க அடுப்புப் புகையையும் குடிக்குமா? அப்ப ரெண்டு கத்தை இங்கன கொண்டாந்து நடு" என்றாள் எதிர்வீட்டு ரெஜினாக்கா. சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. புல்லும் உண்மை, குட்டியும் உண்மை. குட்டி போட மேடு வேண்டும், மேட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு ஆள் மிதிக்காத கடல் வேண்டும், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அழகாகப் பொருந்தித்தான் வருகிறது, பிள்ளைக்குப் பால் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் எங்கோ சிக்கிக்கொள்கிறது. ரெஜினாக்கா மகளுக்கு மாசியில் பிள்ளை பிறந்தது. அந்த வாசலில் ஒரு சுறாவும் வந்து விழவில்லை. ரெஜினாக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்த்தால் சிரிக்கக்கூடச் செய்கிறாள், அந்தச் சிரிப்புத்தான். ஊரான் வீட்டு வாசலைக் காலியாக்கினவளுக்கு மாரில் எப்படிச் சுரக்கும்? சீ, இது என்ன நினைப்பு, படித்தவள் நினைக்கிற நினைப்பா? படிப்பு நினைப்பைத் தடுக்கிறதா என்ன? தூக்கமில்லாத மண்டைக்குள் எல்லாம் வந்து போகும்.

கடல் சுடுகிறது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கிறிசாந்து தினமும் வந்து சொல்கிறான். "விடியக்காலையில கை வச்சா வடிச்ச கஞ்சி மாதிரி இருக்குளா. மீனெல்லாம் கீழ எறங்கிட்டு. நம்ம வலை அங்க எட்டாது." தீவுப் பக்கம் பவளப்பாறை வெளுத்துப்போய் எலும்பு மாதிரி நிற்கிறதாம். சாளை வருகிறது, வருகிற சாளையிலும் கொழுப்பில்லை. சட்டியில் போட்டால் எண்ணெய் விடுவதில்லை, எண்ணெயைக் குடிக்கிறது என்கிறாள் மாமி. கொழுப்பில்லாத மீனைத் தின்றால் கொழுப்பில்லாத பால். அதுவும் இல்லை. பூண்டு தின்றாயிற்று, முருங்கைக்கீரை தின்றாயிற்று, கருவாடு வேண்டுமட்டும் தின்றாயிற்று. "சுறாப்புட்டு ஒரு வாரம் தின்னா தன்னால பீச்சி அடிக்கும். ஒனக்கு அப்படித்தான் அடிச்சுது, ஒனக்குப் புரையேறி மூக்கு வழியா வந்துது" என்று மாமி நேரம் கிடைக்கிறபோதெல்லாம் மகன் காதில் போட்டுக்கொண்டேயிருந்தாள். டெல்பினா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் பிள்ளை கத்தும்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான், தூங்குகிறவன் மூச்சு இல்லை அது. இந்தப் பிள்ளை பெரியவளாகி இவளுக்கும் ஒன்று பிறக்கிற காலத்தில் இந்தக் கடலில் என்ன இருக்கும்? யார் எதைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள்? அவ்வளவு தூரம் எதற்குப் போகவேண்டும், முதலில் புதன்கிழமை. புதன்கிழமைக்கு அந்தப் பக்கம் எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று மத்தியானம் கிறிசாந்து வந்தபோது சாக்கை நேராகப் பின்வாசலுக்குக் கொண்டுபோனான். அம்மாவும் மகனும் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். டெல்பினா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பால்சுறாதான், கொழுத்த பெட்டை, கையிரண்டையும் விரித்தால்தான் பிடிக்கும். வயிறு கீறியிருந்தது. மேலே தொண்டையிலிருந்து கீழே வரைக்கும் ஒரே கீறல், உள்ளே சுத்தமாகக் கழுவி ஒன்றுமில்லாமல் இருந்தது. இந்தக் கரையில் எவனும் சுறாவைக் கடலில் வைத்துக் கீறமாட்டான். ரத்தவாடைக்குப் பெரியது வந்து வலையைக் கிழிக்கும், முழுசாகத்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவள் அவனைப் பார்த்தாள். அவன் குழாயடியில் கால் கழுவினான், கழுவின காலையே கழுவினான். "எங்க விட்டீங்க வலைய?" "மிதவைக்கு இந்தப் பக்கந்தான்." "இந்தப் பக்கம்னா?" "இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம். நீரோட்டம் கொஞ்சம் இழுத்துட்டுப் போச்சு. அதுக்கு நான் என்ன செய்யட்டும், கடலுக்குக் கோடு போட்டது நீங்க, நீரோட்டத்துக்குச் சொன்னீகளா?" மாமி நடுவில் விழுந்தாள்: "பிள்ள பெத்தவ பின்னாடி நிக்காதட்டி, வெக்கை அடிக்கும், உள்ள போ." டெல்பினா போகவில்லை. பிள்ளை தோளில் எதையோ தேடி உடையைச் சப்பியது. அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவனே சொன்னான், குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குக் கேட்காமல் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு பரிசைக் காட்டுகிறவன்போல. "குட்டிய எல்லாம் விட்டுட்டேன்ளா. ஒன்னுகூடக் கொண்டாரல. அங்கனயே வயித்தக் கீறி, ஒவ்வொன்னா எடுத்து, கொடிய அறுத்து, புல்லு மேட்டுலயே விட்டேன். நீ சொன்னதுதான. தாயிதான நமக்கு வேணும், குட்டி போய்ப் பொழைக்கட்டும்." கண் சிவந்திருந்தது, வெயிலாகவும் இருக்கலாம். "நீந்துச்சா?" என்றாள். "நீந்துச்சே. இந்தா, இத்தத்தண்டி இருந்துது ஒவ்வொன்னும்" என்று இரண்டு கையையும் எதிரெதிரே வைத்துக் காட்டினான். டெல்பினா அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த காற்றைப் பார்த்தாள். ஒரு சாண்தான் இருக்கும். மாதம் நிறைந்த குட்டி அதில் ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும், கொடி சுருங்கித் தானே கழன்றுகொள்ளும், கத்தி வேண்டியிருக்காது. இது கத்தி வேண்டியிருந்த குட்டி. கொஞ்ச தூரம் வாலை ஆட்டியிருக்கும், அவனுக்காக. அவன் கை இன்னும் அப்படியே நின்றது, பிள்ளையை வாங்கிக்கொள்ள நீட்டின கை மாதிரி. "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றாள். அதை அவள் சொன்னாளா, அவள் களைப்பு சொன்னதா தெரியவில்லை. அவன் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் கையில் வாங்கினபோது இருந்ததே, அப்படி.

இப்போது வெங்காயம் வதங்குகிறது. பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. மாமி வேகவைத்ததைப் பிசைந்து, தண்ணீரைப் பிழிந்து, உதிர்த்துப் போட்டுக் கிளறுகிற கரண்டிச் சத்தம். டெல்பினாவின் வாயில் எச்சில் ஊறியது. அவமானமாக இருந்தது, எச்சிலுக்கு எங்கே அவமானம். வயிறு என்கிறது, வா. மண்டை என்கிறது, ஒரு சாண். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா, மாமி, எனக்கு வேண்டாம், ரெஜினாக்கா மகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று? சொன்னால் அது பெரிய மனசா, அல்லது பயமா? அவள் தின்றால் மட்டும் குட்டி உயிரோடு வந்துவிடுமா? செத்தது செத்துவிட்டது, தின்னாமல் விட்டால் அது இரண்டாம் தரம் செத்த மாதிரி. இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். இதே வார்த்தையைக் கரையில் எத்தனை பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், அவளும் பலகையை மடக்கிக்கொண்டே, "இல்லண்ணே, அப்படிப் பாக்கக்கூடாது" என்று எவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவள் மடியில் ஒன்றும் இல்லை. மேடத்துக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? திட்டமாட்டாள், அதுதான் கஷ்டம், "ஐ அண்டர்ஸ்டாண்ட், டெல்பினா" என்பாள். ஊருக்குத் தெரிந்தால்? ஊருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். சுறாப்புட்டு வாசத்தைச் சட்டியைப் போட்டு மூடமுடியுமா, தெருக்கோடி வரை போகும். ரெஜினாக்கா மூக்கைச் சுளிப்பாளா, இல்லை, ஆழமாக இழுப்பாளா? மிக்கேல் அண்ணன் நாளைக்கு மிதவைக்கு எந்தப் பக்கம் விடுவார்? ஒரு தரம் ஒருத்தன் வலை இந்தப் பக்கம் என்று அந்தப் பக்கம் போனால், அப்புறம் கடலில் பக்கம் என்று ஒன்று இருக்குமா? "மாமி" என்று கூப்பிட்டாள், குரல் வந்தது பாதிதான். "எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்து விடுங்க." அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "குடுத்துவிடாமலா? எடுத்து வச்சாச்சு. எனக்கு அந்தப் புத்தி இல்லன்னு நெனச்சியா? நீ மொதல்ல தின்னு." கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. அவ்வளவுதானா, இவ்வளவு நேரம் உருட்டி உருட்டி ஒரு கிண்ணம்தானா அவளால் கண்டுபிடிக்க முடிந்தது? பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. விழுங்குகிறதா, சும்மா இழுக்கிறதா? காதைக் கொண்டுபோனாள். பிள்ளையின் மூச்சுத்தான் கேட்டது.

மாமி வட்டிலோடு வந்து எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். டெல்பினாவின் இரண்டு கையும் பிள்ளையோடு இருந்தன. எடுத்தால் விழித்துக்கொள்ளும், விழித்தால் கத்தும். "கைய எடுக்காத, நான் தாறேன்" என்று சூட்டோடு ஒரு கவளத்தை உருட்டி ஊதி அவள் வாயருகே கொண்டுவந்தாள். டெல்பினா அதைப் பார்த்தாள். வெள்ளையாக, பூவாக உதிர்ந்த சதை, மிளகாய்ப் பச்சை, ஒரு பக்கம் கருகின பூண்டு. வாங்கிக்கொண்டாள். நன்றாக இருந்தது. அது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, மாமி அதை மிளகாய் என்று எடுத்துக்கொண்டு முந்தானையால் துடைத்துவிட்டாள். இரண்டாவது கவளம். மூன்றாவது. தொண்டையில் இறங்குகிற ஒவ்வொன்றும் எங்கே போகிறது, பாதி வழியில் பாலாகத் திரும்புமா, எப்போது திரும்பும், புதன்கிழமைக்குள் திரும்புமா? நிலைக்கதவில் நிழல் விழுந்தது. கிறிசாந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றான். உள்ளே வரவில்லை, அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிம்மதி பரவியது, எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. "எப்படிளா இருக்கு?" "ம்." "ஒரு வாரம் தின்னணும்னு அம்மா சொல்லுது." "ஆமா, ஒரு நாளைக்குத் தின்னா காணுமா?" என்றாள் மாமி, வட்டிலில் விரலால் குழைத்துக்கொண்டே. அவன் துண்டைத் தோளில் போட்டான். வாசல்பக்கம், கடல் இருக்கிற திசையில் ஒரு தரம் பார்த்தான். "அப்ப நாளைக்கும் அங்கனயே போட்டுப் பாக்கட்டா?" டெல்பினா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மாமி அடுத்த கவளத்தை வைத்தாள்.